வயலோரத்துச் சுருக்குக் கம்பியும் வாயில்லாப் பிராணிகளும்

கண்டி மாவட்டத்திலே, பன்விலவுக்கு அப்பால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் மடுல்கெல்ல அமைந்துள்ளது. மேலே காடு, நடுவே தேயிலை, கீழே ஓடைக்கரைகளில் படிப்படியாக இறங்கும் நெல்வயல். லயங்களைச் சுற்றிலும், தோட்டத்தின் பயன்படாத மூலைகளிலும் கோவா, போஞ்சி, கரட், தக்காளி முதலிய மரக்கறிப் பாத்திகள் காணப்படும். நக்கிள்ஸ் பகுதி 2000 ஆம் ஆண்டிற் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால், பட்டியலில் வரையப்பட்ட எல்லைக்கோட்டைக் காட்டு விலங்குகள் அறியமாட்டா. பராமரிப்பின்றி விடப்பட்ட தேயிலை நிலத்தில் மானாப்புல்லும் பற்றையும் வளர்ந்துவிட்டால், காட்டுப்பன்றி பாத்தியின் விளிம்புவரை மறைவாகவே வந்துவிடும்.

பன்றியினால் விளையும் நட்டத்தைச் சிறிதென்று எவரும் சொல்லமுடியாது. ஒரு கூட்டம் ஓரிரவிற் புகுந்தால், மூன்று மாத உழைப்பு விடியுமுன் கிளறிய மண்ணாகக் கிடக்கும். முள்ளம்பன்றி கிழங்கை அடியோடு தின்னும். குரங்கு தின்பதைவிடப் பிடுங்கி எறிவதே மிகுதி. பயிரழிக்கும் விலங்குகளின் தொல்லை அரசாங்கத்தின் கவனத்துக்கும் வந்துள்ளது. 2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15 ஆந் திகதி காலை 8 மணிமுதல் ஐந்து நிமிடநேரம், குரங்கு, மலையணில், மயில் முதலியவை நாடெங்கும் ஒரே வேளையில் எண்ணப்பட்டமை இதற்குச் சான்றாகும். ஆகவே, விலங்குகளுக்காகப் பேசுங்கள் என்று கமக்காரரிடம் கூறும்போது, அவருடைய நட்டத்தை மறந்துவிட்டுக் கூறுதல் முறையன்று. இப்பிரசுரம் அவ்விரண்டையும் ஒன்றாக வைத்தே விடயத்தை ஆராய்கின்றது.

சுருக்குக் கம்பி செய்யும் வேலை

பன்றியைத் தடுக்க மலைநாட்டிற் பலர் கையாளும் முறை சுருக்குக் கம்பியாகும். துவிச்சக்கர வண்டியின் அல்லது மோட்டார்ச் சைக்கிளின் பழைய பிறேக் கம்பியை வளையமாக்கி, விலங்கு நடக்கும் தடத்திலே தொங்கவிட்டு, மறுமுனையை ஒரு மரத்திற் கட்டிவிடுவர். செலவு சிறிது, காவல் வேண்டியதில்லை, உரியவர் வீட்டில் உறங்கலாம். இம்மூன்று வசதிகளே அதன் தீமைக்கும் காரணமாகின்றன. காவலில்லாத பொறி, வந்தது பன்றியா வேறு பிராணியா என்று பார்ப்பதில்லை. தலையை நுழைத்ததும் வளையம் இறுகுகின்றது. இழுக்க இழுக்க மேலும் இறுகுகின்றது. கழுத்தில் விழுந்தால் மூச்சடைக்கும். இடுப்பில் விழுந்தால் உள்ளுறுப்புகள் நசுங்கும். வெளியிற் சிறு கீறல்மட்டும் தெரிய, உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கும்.

மரை, முயல், அழுங்கு ஆகியவை இவ்வாறே அகப்படுகின்றன. லயத்து நாய் அகப்படுகின்றது. மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட கன்று காலை மாட்டிக்கொள்ளுகின்றது. பயிரைக் காக்கவன்றி இறைச்சிக்காகவே வைக்கப்படும் கம்பிகளும் உண்டென்பதை ஊரார் அறிவர். அவற்றை வைப்பவர் பெரும்பாலும் பயிர்செய்பவர் அல்லர். பழி மாத்திரம் பயிர்செய்பவர்மேல் விழுகின்றது.

2020 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆந் திகதி, நல்லதண்ணிப் பகுதியிலுள்ள தோட்டமொன்றில், காட்டுப்பன்றிக்கென வைத்த சுருக்கிலே கருஞ்சிறுத்தையொன்று உயிருடன் அகப்பட்டிருக்கக் காணப்பட்டது. இலங்கையிற் கருநிறச் சிறுத்தை மிக அரிது. வனசீவராசிகள் திணைக்களத்தார் அதற்கு மயக்க மருந்து செலுத்தி, கம்பியினின்றும் விடுவித்து, உடவளவையிலுள்ள யானைக் குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்துக்குக் கொண்டுசென்று வைத்தியம் செய்தனர். ஆயினும் 29 ஆந் திகதி அது இறந்துபோயிற்று. கழுத்திலே கம்பி ஆழப் பதிந்திருந்தது. நிறம் அரிதாயிருந்தமையால் அச்செய்தி நாடெங்கும் பரவியது. சாதாரண நிறச் சிறுத்தைகள் மலைநாட்டுத் தோட்டங்களிலே இதற்கு முன்னும் பின்னும் இவ்விதமாகவே இறந்துள்ளன. அவற்றைப்பற்றி அவ்வளவு பேச்சில்லை.

இங்கே கமக்காரர் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. இலங்கைக் காட்டிலே சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. பன்றிக்குட்டியையும் முள்ளம்பன்றியையும் மரையையும் பிடித்துண்ணும் பெரிய விலங்கு சிறுத்தை ஒன்றே. பன்றியோ ஓர் ஈற்றிற் பல குட்டிகளை ஈனும். பன்றிக்கு வைத்த கம்பியிற் பன்றியின் பகையே மாண்டுபோனால், அடுத்த போகத்தில் ஆதாயம் அடைவது எது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சுருக்கைவிடக் கொடிய முறைகளும் சில இடங்களிற் காணப்படுகின்றன. வெடிமருந்தைத் தீனியினுள்ளே பொதிந்து வைப்பது ஒன்று. சிங்களத்தில் இதனை ‘ஹக்க பட்டாஸ்’ என்பர். கடித்த பிராணியின் தாடை சிதறும். அது உடனே இறவாமல், உண்ண இயலாது பட்டினியாற் சாகும். வரண்ட வலயத்தில் இளம் யானைகள் பல இவ்விதம் மடிகின்றன. கருஞ்சிறுத்தை உயிருக்குப் போராடிய அதே வாரத்தில், 2020 மே 27 ஆந் திகதி, கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்திற் கருவுற்ற யானையொன்று இத்தகைய வெடியினால் வாய் சிதைந்து, ஆற்றுநீரில் நின்றவாறே இறந்தது. மற்றொன்று, வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பிக்குக் கொடுத்தல். இது விலங்கைமட்டுமன்றி, விடியற்காலையில் நீர்பாய்ச்சச் செல்லும் அயலவரையும் கொல்லும். நஞ்சு கலந்த தீனியைப்பற்றியும் இவ்வாறே கூறலாம். அதனால் இறந்த எலியைத் தின்ற ஆந்தையும் நாயும் சாகும்.

பேசுதலைத் தடுப்பவை

எல்லாள மன்னன் அநுராதபுரத்திலே ஒரு மணியைக் கட்டி வைத்திருந்தானென்றும், கன்றை இழந்த பசு அதனை அசைத்து நீதி கேட்டதென்றும் மகாவம்சம் கூறுகின்றது. இக்காலத்தில் அத்தகைய மணி இல்லை. விலங்கின் நிலையைக் கண்டவர் வாய்திறந்து சொன்னாலன்றி அதிகாரிகளுக்கு அது தெரியவராது. காட்டோரத்தில் முதலிற் காண்பவர் யார்? கொழுந்து பறிக்கும் பெண்கள், புல்லறுக்கச் செல்வோர், விடியுமுன் வயலுக்கிறங்கும் கமக்காரர் ஆகியோரே. வனத் திணைக்கள உத்தியோகத்தர் அங்கே நாள்தோறும் இருப்பதில்லை.

கண்டும் பேசாதிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை இரக்கமின்மை என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. கம்பி வைத்தவர் பெரும்பாலும் அயல்வீட்டார் அல்லது உறவினர். ஒரே கோயில், ஒரே மரண உதவிச் சங்கம். சொன்னவரையே பொலிசார் சந்தேகிப்பார்களோ, நீதிமன்றத்துக்கு இழுப்பார்களோ, ஒருநாட் சம்பளம் போய்விடுமோ என்ற அச்சம் மற்றொன்று. தோட்டத்துக் காணித்துண்டில் உறுதி எதுவுமின்றி மரக்கறி பயிரிடுவோர், அந்நிலத்திற் பொறி இருந்ததாகச் சொன்னால் நிலமே கைவிட்டுப் போகுமென்று எண்ணுவர். மொழியும் ஒரு தடையாகும். அலுவலகத்திற் சிங்களத்திலேயே பேசவேண்டுமென நினைத்துத் தயங்குவோர் மடுல்கெல்ல போன்ற இடங்களில் மிகப் பலர். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் குடிமக்களுக்கு அரசியலமைப்பு உரிமை அளித்துள்ளது. இவ்வுரிமை விலங்குகளின் பொருட்டு எழுதப்படும் கடிதத்துக்கும் பொருந்தும்.

தனியொருவர் சொல்வதிலுள்ள அச்சத்தைக் குறைக்கும் வழி, பலர் சேர்ந்து சொல்லுதலாகும். கமக்காரர் அமைப்பின் செயலாளர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர், பாடசாலை அதிபர், கோயிற் சபைத் தலைவர் ஆகியோரில் ஒருவர் வாயிலாகச் செய்தியை அனுப்பினால், சொன்னவர் இன்னாரென்ற பேச்சு பெரும்பாலும் எழாது. கம்பி வைத்த அயலவரிடம் நேரிற் பேச முடியுமாயின், அதுவே முதற்கண் செய்யத்தக்கது. ‘உங்கள் கம்பியில் எங்கள் கன்று மாட்டிக்கொண்டது, மாமா, பன்றிக்கு வேறு வழி பார்ப்போம், இதைக் கழற்றிவிடுங்கள்’ என்று ஓர் இளைஞர் பணிவாகச் சொன்ன சொல், வழக்கினாற் கிடைக்காத பலனைத் தரக்கூடும். குற்றஞ்சாட்டும் குரலில் தொடங்கினால், கம்பி இடம் மாறுமேயன்றி நீங்காது.

அகப்பட்ட விலங்கைக் கண்டால்

இந்நிலையில் நேரமே பெரிது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம், பொலிசாருக்கு 119. கிராம உத்தியோகத்தருக்கும் உடனே ஆளனுப்புதல் வேண்டும். சொல்லவேண்டியவை நான்கு: எந்த விலங்கு, உயிருடன் உள்ளதா, எந்த இடம், எந்த வேளையிற் காணப்பட்டது. இடத்தைச் சொல்லும்போது தோட்டத்தின் பெயர், பிரிவு, மலை இலக்கம், அருகிலுள்ள பாதை ஆகியவற்றைக் கூறுதல் அவசியம். ‘மேல்மலைக் காட்டோரம்’ என்றால் ஊராருக்கு விளங்கும். கண்டியிலிருந்து வாகனத்தில் வரும் மிருக வைத்தியருக்கு விளங்காது. நல்வழி தெரிந்த ஒருவரைப் பெருந்தெருவில் நிறுத்திவைத்தல் நன்று.

உதவி வரும்வரை ஒருவர் அல்லது இருவர் தொலைவில் நின்று கண்காணித்தாற் போதும். நாய்களைக் கட்டிவைத்தல் வேண்டும். சத்தமிடுதல், கல்லெறிதல், படம் எடுப்பதற்காக நெருங்குதல் ஆகியவை விலங்கை மிரளச் செய்யும். மிரண்டால் அது கம்பியை இழுக்கும். இழுத்தால் சுருக்கு மேலும் இறுகும். கம்பி அறுந்துவிட்டால் முன்னிற்பவருக்கே ஆபத்து. கம்பியை வெட்டி விடுவிக்க ஊரார் முயலவே கூடாது. மயக்க மருந்தும், உள்ளுறுப்புகளைச் சோதித்தலும் வைத்தியருக்குரிய வேலைகளாகும்.

கூட்டம் கூடினால் விளையக்கூடியதற்கு 2018 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நிகழ்ந்தது ஓர் உதாரணம். ஊருக்குள் வந்த சிறுத்தையொன்று பலரைக் காயப்படுத்தியது. மக்கள் திரண்டு அதனை அடித்துக் கொன்றனர். அக்காட்சியைப் படமாக்கிப் பரப்பவும் செய்தனர். படத்திற் காணப்பட்டவர்கள் பின்னர் கைதாயினர். காயமுற்றோரின் அச்சம் உண்மையானது. அதிகாரிகள் ஆயத்தமின்றி வந்தனர் என்ற குறையும் அன்று கூறப்பட்டது. எனினும் சிறுத்தை 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்படும் விலங்காதலால், அதனைக் கொன்றவர் சட்டத்துக்கு முன் நிற்க நேர்ந்தது.

உயிருள்ள விலங்கு எதுவும் அகப்படாமற் கம்பிகள்மட்டும் காணப்பட்டால் எழுத்தில் அறிவித்தல் தகும். கடிதம் நீண்டதாயிருக்க வேண்டியதில்லை. கீழ்வருவது போன்றது போதும்:

‘ஐயா, எங்கள் பிரிவின் 5 ஆம் இலக்க மலைக்கு மேலேயுள்ள காட்டோரத்தில், ஓடையைக் கடக்கும் ஒற்றையடிப் பாதையிற் சுருக்குக் கம்பிகள் கட்டப்பட்டிருக்கின்றன. கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று கம்பிகளைக் கண்டோம். அவ்வழியே பிள்ளைகளும் கறவை மாடுகளும் செல்வதுண்டு. தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு அவற்றை அகற்றுவிக்குமாறு கேட்டுக்கொள்ளுகின்றோம். இங்ஙனம், கமக்காரர் அமைப்பினர்.’

திகதியிட்டு, ஒரு பிரதியைச் சங்கத்திலே வைத்துக்கொள்ளல் வேண்டும். இரண்டு வாரத்தில் மறுமொழி வராவிடின், அப்பிரதியை இணைத்துப் பிரதேச செயலாளருக்கு எழுதலாம்.

கம்பிக்குப் பதிலாக

பொறியை எடு என்பவர், பன்றிக்கு வேறு வழி காட்டவேண்டும். முதலாவது, சிதறிக் கிடக்கும் பாத்திகளை அயலவர் சேர்ந்து ஒரே வேலிக்குள் அடக்குதல். ஐந்து குடும்பங்கள் ஐந்து வேலி போடுவதிலும், ஒரு சுற்றுவேலி போடுவது செலவிற் குறைந்தது. காவலும் முறைவைத்துச் செய்யலாம். கிளிரிசிடியாத் தடிகளை நெருக்கமாக நட்டு, கீழ்ப்பகுதியிற் கம்பிவலை கட்டி, வலையின் அடியை ஓரடி ஆழம் மண்ணிற் புதைத்தல் வேண்டும். பன்றி வேலியைத் தாண்டுவதைவிட அடியிற் கிளறி நுழைவதையே விரும்பும். புதைக்காத வலை பயனற்றது. கல் மலிந்த மலைச்சரிவிற் கல்வேலி நெடுங்காலம் நிற்கும்.

இரண்டாவது, வேலிக்கு வெளியே பற்றையை வெட்டி வெளியாக்கி வைத்தல். மறைவில்லாத இடத்தைக் கடக்கப் பன்றி தயங்கும். மூன்றாவது, அறுவடையின் பின் கோவா இலைகளையும் சிறு கிழங்குகளையும் பாத்தியிலே விட்டுவிடாமை. கழிவே பன்றிக்கு வழிகாட்டுகின்றது. ஒருமுறை ருசிகண்ட கூட்டம் அதே தடத்தில் மீண்டும் வரும். பரணும் தகரமும் தீப்பந்தமும் பழைய முறைகளாயினும், விளைச்சல் முற்றும் இரண்டு மூன்று வாரங்களில் அவற்றுக்கு ஈடான காவல் வேறில்லை. தகரத்தை ஒரே இடத்தில் நாள்தோறும் தட்டினாற் பன்றி பழகிவிடும். இடத்தை மாற்றுதல் நன்று. இவை யாவும் கம்பியைவிட உழைப்பு மிகுந்தவை என்பதில் ஐயமில்லை. மின்வேலி வேண்டுமாயின், அங்கீகரிக்கப்பட்ட துடிப்பு மின்சாதனத்தை மாத்திரம் பொருத்துதல் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புப் பற்றிய ஆலோசனையை விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்திலும், பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடமும் பெறலாம்.

வீட்டிலும் வயலிலும் உள்ளவை

பேசவேண்டிய இடங்கள் காட்டோரத்தில் மாத்திரம் இல்லை. நுகம் அழுத்திப் புண்ணான கழுத்துடன் எருமையை உழவில் இறக்குதல், கன்றின் காலை நெருக்கிக் கட்டுதல், மழைநீர் தேங்கும் கொட்டிலில் கறவைப் பசுவைப் படுக்கவிடுதல், லொறியில் ஒன்றன்மேலொன்றாய் மாடுகளை ஏற்றுதல் ஆகியவை அன்றாடம் கண்ணிற்படுபவை. உரியவரிடம் மென்மையாகச் சொல்லுதல் முதற்படி. அரச மிருக வைத்தியரைக் காட்டிக்கொடுத்தல் அடுத்த படி. புண்ணுள்ள மாடு குறைவாக உழும், ஈரத்திற் கிடந்த பசு மடிநோய் கண்டு பாலைக் குறைக்கும் என்று சொன்னாற் கேட்பவர் பலர்.

1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைக் குற்றமாக்கியது. அது விதித்த உச்ச அபராதம் நூறு ரூபா. சிறைத்தண்டனை மூன்று மாதம் வரை. அக்காலத்தில் நூறு ரூபா பெருந்தொகை. இக்காலத்தில் அது ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் போதாது. சட்டங்கள் தாமாகத் திருந்துவதில்லை. இந்தியாவில் நாட்டியக் கலைஞர் உருக்மிணி தேவி அருண்டேல் 1952 ஆம் ஆண்டில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு, மறு ஆண்டே விலங்குவதைத் தடுப்பு மசோதாவைத் தனி உறுப்பினராகக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் செய்வதாக உறுதியளித்ததன்மேல் அதனை மீளப்பெற்றார். 1960 ஆம் ஆண்டிற் சட்டம் நிறைவேறியது. 1962 ஆம் ஆண்டிற் சென்னையில் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார்.

நாய்களைப்பற்றி ஒரு சொல். இலங்கையிற் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை 2006 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் அதற்குப் பதிலாக வந்தன. லயத்து நாய்கள் பெருகித் தொல்லை தந்தால், நஞ்சு வைப்பவரைத் தடுத்து, பிரிவு முழுவதற்கும் ஒருநாட் தடுப்பூசி முகாம் வேண்டுமெனப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டல் பொருத்தமானது. நெல்வயலிற் சாரைப்பாம்பையும் ஆந்தையையும் தவளையையும் விட்டுவைத்தல் எலிக்கும் பூச்சிக்கும் எதிரான காவலாகும். வரம்பில் நட்ட தடி ஆந்தைக்கு இருக்கையாகும். தெளிகருவியை ஓடையிற் கழுவுவதை நிறுத்தும்படி சிறுவர்கூடச் சொல்லலாம். மீன் மிதப்பதை முதலிற் காண்பவரும் அவர்களே.

காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர், கமநல சேவை நிலையத்தின் ஏற்பாட்டில் ஒவ்வொரு வயல்வெளிக்கும் கூட்டம் நடைபெறுவது வழக்கம். நீர் விடும் நாள், விதைப்பு முடியும் நாள், வேலி அடைக்கும் நாள், மாடுகளைக் கட்டும் நாள் ஆகியவை அங்கே முடிவாகும். விலங்குகளைப்பற்றிய தீர்மானம் இக்கூட்டத்துக்குப் புதியதன்று. வேலி அடைக்கும் நாளைக் குறிக்கும் அதே வேளையில், ‘இவ்வெளியைச் சுற்றி எவரும் சுருக்குக் கம்பி வைத்தலாகாது, வைத்தவை இன்ன திகதிக்குள் அகற்றப்படல் வேண்டும்’ என ஒருவர் முன்மொழிந்து மற்றொருவர் வழிமொழிந்தால், அது குறிப்பேட்டில் ஏறும். அதன்பின் கம்பியைக் கழற்றச் சொல்பவர் தனியொருவரல்லர். மரக்கறி செய்யும் தோட்டத்தார் இக்கூட்டத்தில் உறுப்பினரல்லராயின், தத்தம் பிரிவின் சங்கக் கூட்டத்தில் இதே தீர்மானத்தை எடுக்கலாம்.

தீர்மானத்தில் இரண்டு விபரங்கள் விடுபடலாகாது. வேலியோரத்தைப் பதினைந்து நாளுக்கொருமுறை நடந்து பார்க்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பது ஒன்று. அவர் இருவராகவே செல்லல் வேண்டும். கழற்றிய கம்பியை எங்கே ஒப்படைப்பது என்பது மற்றொன்று. காட்டோரத்திலே எறியப்பட்ட கம்பியை மறுநாளே வேறொருவர் எடுத்துக் கட்டிவிடுவர். ஆகையால் அதனைச் சுருட்டிக் கட்டி, எண்ணிக்கையையும் இடத்தையும் திகதியையும் குறித்து, கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.